மழுங்கின பல்லுக்கு ஒரு குத்து

பெட்டியைக் கவிழ்த்ததும் பல் தகடுகள் மேசைமேல் கலகலவென்று கொட்டின. கொண்டுவந்தவர் அவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து, பற்களின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

“இது பல்லா, ஈறா?” என்று கேட்டார்.

சக்கர நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதகர் அவர். அவரே சக்கர நாற்காலியில்தான் வந்திருந்தார். பட்டறை வாசலில் இரண்டு படிகள் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு பலகையைத் தேடி எடுத்துச் சாய்த்துப் போடுவதற்குள் முதலாளிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

நாற்காலியின் சாய்மானத்தை வேண்டிய கோணத்தில் நிறுத்துவதற்கான பாகம் அந்தத் தகடு. நாலு மில்லி கனத்தில் அரைவட்ட அலுமினியம், விளிம்பில் பதினொரு பல். சின்ன எஃகுக் கொண்டி ஒன்று பல்லிடுக்கில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சோதனையில், சாய்மானத்தில் மணல் மூட்டையைக் கட்டி ஆட்டியபோது, முன்னூறாவது ஆட்டத்தில் கொண்டி வழுக்கி, மூட்டை மல்லாக்கத் தரையில் விழுந்திருக்கிறது.

“மணல் மூட்டைக்கு மண்டை இல்லை. எனக்கு இருக்கு” என்றார் பரிசோதகர்.

சூப்பர்வைசர் ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வைரம் பார்ப்பவர்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். “அலுமினியம் பாருங்க சார். மெத்துனு இருக்கிற உலோகம். வெட்டினா ஓரம் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். நீங்க எங்க போனாலும் இப்படித்தான் கிடைக்கும்.”

“எங்க போனாலும் இப்படி இல்லை” என்றாள் மேசைக்கு மறுபக்கம் நின்றிருந்தவள்.

அவள்தான் மைக்ரான். பட்டறையின் டை பிட்டர். பிரஸ் மெஷினில் தகட்டை வெட்டும் ‘பஞ்ச்’ என்ற எஃகு அச்சும், அதற்குக் கீழே அது இறங்கும் ‘டை’ என்ற குழி அச்சும் அவள் கைப்பட்டுத்தான் மெஷின் ஏறும். கேன்டீன் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று ஒருமுறை புகார் எழுதியபோது, இடுக்கு எத்தனை மைக்ரான், அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதிவிட்டாள். அன்று விழுந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சரியான அளவைத்தானே எழுதினேன் என்பாள்.

சூப்பர்வைசர் அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் மாமா, பட்டறையில் சார். அக்கா குடும்பம் மாடியில், அவள் குடும்பம் கீழே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை அவள் மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் மாதம் ஒரு தடவையாவது நினைவூட்டிவிடுவார்.

“நான் பேசிட்டிருக்கேன்ல” என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

பரிசோதகர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “நீங்க சொல்லுங்க.”

அவள் சொன்னாள். பஞ்ச் இறங்கும்போது தகட்டை உடனே வெட்டிவிடாது. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், பிறகுதான் வெட்டும். இரும்பு என்றால் முரண்டு பிடிக்கும். அலுமினியம் வாடா என்றால் கூடவே போய்விடும். அப்படிப் போன ஓரம்தான் உருண்டு மழுங்கிப் போகிறது. பல் நுனி கூராக நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கேதான் மழுங்கல் அதிகம். போகவிடாமல் பிடித்துக்கொண்டு வெட்டினால் மழுங்காது.

“எவ்வளவு குறைக்க முடியும்?”

“இப்போ நுனியில முக்கால் மில்லிக்கு மேல இருக்கு. கால் மில்லிக்குள்ள கொண்டுவரலாம்.”

முதலாளி முகத்தில் ஈ ஆடவில்லை. பரிசோதகர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். “கால் மில்லி. சரி. பத்து நாள் கழிச்சு வர்றேன். புது மாதிரி காட்டுங்க.” பலகை வழியாக இறங்கும்போது பிடிக்க வந்த கைகளையெல்லாம் ஒரு பார்வையிலேயே நிறுத்திவிட்டு, தானே உருட்டிக்கொண்டு போனார்.

அவர் கார் தெருமுனை திரும்பியது. பிறகு ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சூப்பர்வைசர் தன் யோசனையைச் சொன்னார். சோதனைத் தாளில் ‘பல்லில் ஓரம் மழுங்கல்’ என்றுதான் இருக்கிறது. நுனியில் என்று எங்கே இருக்கிறது? பல்லின் அடியில் அளந்தால் கால் மில்லிதான் வரும். அடியில் அளந்து எழுதுவோம். இருக்கிறதிலேயே நல்லதாக நூறு தகடு பொறுக்கி வைப்போம். அவள் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

“போட மாட்டேன்” என்றாள்.

“ஏம்மா, பொய் ஒண்ணும் எழுதலையே” என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் பக்கத்தில் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சு எப்போதும் அவருக்கு நியாயமாகத் தெரியும்.

“எந்த இடத்துல அளந்தா என்ன சார்? கொண்டி வழுக்கத்தான் போகுது. நம்ம தாளைக் கொண்டி படிச்சுப் பார்க்காது.” அவள் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். “தகட்டோட வரைபடம் வந்த அன்னிக்கே கேட்டேன். தகட்டை மேலேர்ந்து இறுக்கிப் பிடிக்க ஒரு பிளேட் வேணும், கீழே தாங்க ஒரு கட்டை வேணும், பஞ்சுக்கும் டைக்கும் நடுவுல இடைவெளி குறையணும்னு. மூணையும் நீங்கதான் வேண்டாம்னு அடிச்சீங்க. நாள் இல்லைன்னீங்க.”

“நாள் இல்லைதான். இப்பவும் இல்லை.”

“நாலாயிரத்து நூறு தகடு தப்பா அடிக்க நாள் இருந்துச்சே.”

சூப்பர்வைசரின் காது மடல் சிவந்தது. “கையெழுத்துப் போடாத ஆளுக்கு டூல் ரூம்ல என்ன வேலை? நாளையிலேர்ந்து அரமேசைக்குப் போய்ப் பிசிறு எடு.”

முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு சுவர்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். “உனக்கு எதுக்குடி இந்த வீம்பு? ஒரு கையெழுத்துதானே? நாலு பேர் நடுவுல அவரை அப்படியா கேட்பாங்க?”

“நாலு பேர் நடுவுலதான் அவர் என்னை அரமேசைக்கு அனுப்பினார்.”

“வீட்டுக்குள்ள இது வேணாம். நான் ரெண்டு பக்கமும் இடி வாங்க முடியாது.”

“நீ எதுக்கு வாங்குறே? அவரைக் கீழே வரச் சொல்லு. நானே குடுக்கிறேன்.”

மைக்ரானின் கணவர் தையல்காரர். வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஊசிகளை எடுத்துவிட்டு, “அண்ணி, இவகிட்ட நான் கல்யாணமான புதுசுலேயே தோத்துட்டேன். அவர் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். “அந்தத் தகடு நிஜமாவே வழுக்குதா?”

“வழுக்குது.”

“அப்போ சரி” என்று மறுபடியும் ஊசிகளைக் கவ்விக்கொண்டார்.

அரமேசை பட்டறையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ஆறு பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து, வெட்டி வரும் தகடுகளின் பிசிறை அரத்தால் எடுப்பார்கள். அவர்களில் மூத்தவள் வெண்கலம். அவள் சாதாரணமாகப் பேசினாலே பிரஸ் சத்தத்தைத் தாண்டி வாசல் காவலாளிக்குக் கேட்கும்.

“வாம்மா மைக்ரான்! இறங்கி வந்துட்டியா எங்ககிட்ட? இந்தா அரம். அளந்து பார்த்து எடு, நீளம் குறைஞ்சிருக்கப் போகுது!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முதல் நாள் விரல் நுனியெல்லாம் கீறிக்கொண்டது. இரண்டாம் நாள் மத்தியானம் வெண்கலம் ஒரு தகட்டை அவள் முன்னால் தூக்கிப் போட்டாள்.

“உன்னை ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். போன மாசம் ரெண்டு நாள் வந்த தகடெல்லாம் இப்படி. இந்தப் பக்கத்துப் பல்லு கையைக் கிழிக்குது. அந்தப் பக்கத்துப் பல்லு வாழைப்பழம் மாதிரி இருக்கு. ஒரே தகடு, ரெண்டு பக்கம் ரெண்டு புத்தி. ஏன்?”

மைக்ரான் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பல்லாக அளந்தாள். ஒரு பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லி. மறுபக்கத்தில் அரை மில்லிகூட இல்லை. அந்த இரண்டு நாளும் டை ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. பிரஸ் ஓட்டும் மீசைதான் வந்து சொன்னான், அவள்தான் போய்ச் சரி செய்தாள். நகர்ந்ததால் ஒரு பக்கம் பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி சுருங்கி, மறுபக்கம் அகன்றிருக்கிறது. சுருங்கிய பக்கம்தான் கையைக் கிழிக்கிறது.

இடைவெளியைக் குறைத்தால் மழுங்கல் குறையும் என்று அவள் எத்தனை தடவை வாயால் சொல்லியிருப்பாள்! இப்போது அதே பட்டறையில், அதே டையில், அதே அலுமினியத்தில் அது நடந்ததற்குச் சாட்சி கையில் இருந்தது.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

“ஒரு தட்டு நிறைய. நான் தனியாத்தான் வெச்சிருக்கேன். எவனாவது கேட்பான்னு பார்த்தேன். எவனும் கேட்கலை” என்றாள் வெண்கலம்.

அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மைக்ரான் ஆபீஸ் அறைக்குப் போனாள். வெண்கலமும் அரத்தைக் கையில் பிடித்தபடியே கூட வந்தாள். மைக்ரான் கொண்டி ஒன்றை ஒரு பக்கத்துப் பல்லில் மாட்டி, முதலாளியையே இழுத்துப் பார்க்கச் சொன்னாள். வழுக்கியது. மறுபக்கத்தில் மாட்டச் சொன்னாள். முதலாளி இழுத்தார். இன்னும் இழுத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இழுத்தார்.

“அட” என்றார்.

“எனக்கு மூணு நாள் குடுங்க. பழைய டைதான். புதுசா எதுவும் வாங்க வேண்டாம். முடியலைன்னா நானே என் கையால எழுதித் தர்றேன், அலுமினியம்னா இப்படித்தான்னு.”

சூப்பர்வைசர் அப்போது அறையில் இல்லை. கடைசியாகப் பேசியவள் அவள்தான். மூன்று நாள் கிடைத்தது.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பஞ்ச் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. முதலில் செய்தபோது அளவு கூடி, டைக்குள் இறங்க மறுத்ததால் ஒதுக்கி வைத்தது. அது பெரிதாக இருந்ததுதான் இப்போது வசதியாகப் போயிற்று. எண்ணெய்க்கல்லால் பதினொரு பல்லையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தேய்ப்பாள், துடைப்பாள், டைக்குள் இறக்கிப் பார்ப்பாள், எடுத்து மறுபடியும் தேய்ப்பாள். முதல் நாள் முழுக்க அதற்கே போயிற்று. முன்பு இடைவெளியில் மூன்று தாள் நுழையும். இப்போது ஒரு தலைமயிர் நுழைந்தால் பெரிது.

இரண்டாம் நாள் பிடிப்பு வேலை. பழைய பிளேட் ஒன்றை எடுத்து, அது தகட்டின்மேல் உட்காரும் பக்கத்தில், பல் வரிசைக்கு வெளியே ஒரு சின்ன முகடு வரும்படி மில்லிங் மெஷினில் சீவினாள். வயலுக்கு வரப்புப் போட்ட மாதிரி இருந்தது. பஞ்ச் இறங்குவதற்கு முன்னால் இந்த வரப்பு அலுமினியத்தில் பதிந்து, அதை ஓடவிடாமல் மறித்து நிற்கும். பிளேட்டுக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதில் கெட்டி ரப்பர் கட்டைகளை அடுக்கினாள். வெட்டுப்படும் தகட்டைக் கீழேயிருந்து தாங்கவும் டைக்குள் ஒரு கட்டை வைத்தாள்.

சூப்பர்வைசர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தார். இரண்டு தடவையும் எதையோ தேடுவதுபோல மேசையைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டை மெஷின் ஏறியது. மீசை கையைத் துடைத்துக்கொண்டு பெடலில் காலை வைத்தான். மெஷின் ஒரு தடவை தும்மிற்று. தகடு வெளியே வந்தது.

மழுங்கல் இல்லை. ஆனால் மூன்று பல் நுனியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. பஞ்சின் பக்கவாட்டில் அலுமினியம் பூச்சுப் பூசியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த தகடும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒரு பல் உடைந்தே வந்தது.

“நான்தான் சொன்னேனே” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “உலோகத்தோட மல்லுக்கு நிக்க முடியுமா? இத்தோட விடு. டையைக் கழற்று.”

“மூணு நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் முடியுது.”

“இன்னும் என்ன பண்ணப் போறே?”

“இன்னும் ஏழு மணி நேரம் வேலை பண்ணப் போறேன். வழியை விடுங்க மாமா, வெளிச்சம் மறைக்குது.”

பட்டறைக்குள் அவள் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீசை சட்டென்று குனிந்து பெடலைச் சரிபார்க்கத் தொடங்கினான். சூப்பர்வைசர் வெளிச்சத்தை விட்டு நகர்ந்தார்.

அவள் உடைந்த பல்லைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். ஒரு வேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அந்த ஒரு நிமிஷத்தை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பிறகு வெடிப்பு எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்று பார்த்தாள். வெளியேயிருந்து, வரப்பின் பக்கமிருந்து. வரப்பு பல்லை நெருக்கி நிற்கிறது. தேவைக்கு மேல் ஆழமாகவும் கடிக்கிறது. தாங்கலாம், நசுக்கக் கூடாது.

வரப்பின் உள்பக்கச் சரிவை மட்டும் கிரைண்டிங்கில் சீவினாள். சீவச் சீவ உயரமும் குறைந்தது, பல்லிலிருந்து தூரமும் கூடியது. பஞ்சை முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினாள். கெட்டி எண்ணெய் ஒன்றைத் தகட்டின்மேல் தடவச் சொன்னாள். சாப்பாட்டு மணி அடித்தது, போனது. அவளுடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை.

மூன்றரை மணிக்கு மீசை மறுபடியும் பெடலை அழுத்தினான். தகட்டை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, பல் நுனியில் விரலை வைத்தான். “ஸ்ஸ்!” என்று உதறினான். விரலில் ஒரு சொட்டு ரத்தம்.

“கிழிச்சிடுச்சு!” என்று கத்தினான். பட்டறையில் யாரும் விரல் வெட்டுப்பட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நுனியில் இருநூறு மைக்ரான். வெடிப்பு இல்லை. ஐம்பது தகடு அடித்தார்கள். ஐம்பதாவதும் கால் மில்லிக்குள்ளேதான் இருந்தது. அரமேசையிலிருந்து ஆறு பேரும் எழுந்து வந்து, ஆளுக்கொன்றாக வாங்கித் தடவிப் பார்த்தார்கள். முதலாளி கொண்டியை மாட்டி இழுத்து இழுத்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பரிசோதகர் வர வேண்டிய நாள் காலையில், அவள் கேட்டுக்குள் நுழையும்போதே வெண்கலம் எதிரே வந்தாள். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள் என்பதே விபரீதமாக இருந்தது.

“பழைய தகடு நாலாயிரத்து நூறும் எங்க மேசைக்கு வந்திருக்கு. மேல்பக்கத்தை லேசா அரம் போட்டு, மழுங்கினது தெரியாம நிமிர்த்தி விடணுமாம். அப்புறம் பெட்டியில மூணு புதுசுக்கு ஒரு பழசுன்னு கலக்கணுமாம். உங்க மாமாதான் சொன்னார்.”

மைக்ரான் நேரே அவரிடம் போனாள். அவர் மறுக்கவில்லை. மறைக்கக்கூட இல்லை.

“உன் புது டை நல்லா வேலை செய்யுது. ஒத்துக்கிறேன். ஆனா பழசைக் குப்பையில போடச் சொல்றியா? அவங்க பெட்டிக்கு அஞ்சு தகடுதான் எடுத்துப் பார்ப்பாங்க. முதலாளிகிட்ட பேசிட்டேன். உன்னைக் கையெழுத்தும் கேட்கலை. அப்புறம் என்ன உனக்கு?”

“நாலுல ஒரு நாற்காலி சாயும் மாமா.”

“சாயாது. எல்லா நாற்காலியிலயும் மூட்டையைக் கட்டி ஆட்டிட்டா இருக்காங்க?”

“இல்லை. மனுஷங்க உட்கார்ந்து ஆடுறாங்க.”

அவர் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார். அவள் போனாள். டூல் ரூமுக்குப் போய், எழுத்துக் குத்தும் உளிப் பெட்டியைத் திறந்தாள். கழித்த பாகத்தில் குத்தும் பெருக்கல் குறி உளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போதாது. ஆறு உளித் துண்டை எடுத்து ஆறிலும் அதே குறியைக் கிரைண்டரில் வெட்டினாள். அரை மணி நேரம் ஆயிற்று. சுத்தியல்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு அரமேசைக்கு வந்தாள்.

“நான் இதையெல்லாம் குத்தப் போறேன். பல்லுக்கு நடுவுல, ஆழமா, பெயிண்ட் அடிச்சாலும் மறையாத மாதிரி. குத்தின தகட்டை யாரும் பெட்டியில வைக்க முடியாது. இது என் முடிவு, என் பொறுப்பு. உங்களை யாரையும் செய்யச் சொல்லலை. தனியா குத்தினா சாயங்காலம் ஆகும், அவ்வளவுதான்.”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு வீட்டில் படுத்த படுக்கையாய் மாமனார். இன்னொருத்தி மாசமாக இருந்தாள். வேலை போனால் யாருக்கும் மறுநாள் வேறு இடம் காத்திருக்கவில்லை.

வெண்கலம் ஒரு சுத்தியலை எடுத்து எடை பார்த்தாள். “ஒன்பது வருஷமா பிசிறு எடுக்கிறேன். யாரோ பண்ணின தப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுதான் என் ரேகையே போச்சு. அந்த உளியைக் குடு.”

முதல் குத்து விழுந்தது. குறி வெண்ணெயில் பதிந்ததுபோல இறங்கியது.

“மெத்துனு இருக்கிற உலோகம்தானே” என்றாள் மைக்ரான்.

அடுத்து மாசமாக இருந்தவள் எடுத்தாள். பிறகு மற்றவர்களும். ஏழு சுத்தியல் சத்தமும் முதலில் முன்னும் பின்னுமாகக் கேட்டது, போகப்போக மழைபோல ஒன்றாகிவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்தபோது இரண்டாயிரம் தாண்டியிருந்தது.

“நிறுத்துங்க! என்ன பண்றீங்க? யார் சொல்லி?”

“கேட்கலைங்க சார், சத்தமா இருக்கு!” என்று தன் முழுக் குரலில் கத்தினாள் வெண்கலம்.

அவர் தட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தார். மைக்ரான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தட்டைப் பிடித்தபடி முகத்துக்கு முகம் நின்றார்கள். “நான் சேர்த்துவிட்ட வேலை இது” என்றார் அவர்.

“ஆமா. நல்லாப் பார்க்கச் சொல்லித்தானே சேர்த்துவிட்டீங்க?”

அவர் பிடி தளர்ந்தது. அந்தப் பக்கம் பிரஸ் சத்தம் நின்றது. மீசை மெஷினை அணைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரமேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முதலாளியைக் கூப்பிட ஆள் போனது. முதலாளி வருவதற்குள் கடைசித் தட்டும் முடிந்துவிட்டது.

முதலாளி குத்துப்பட்ட தகடுகளைப் பார்த்தார், ஏழு பெண்களைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார். “எல்லாரும் வெளியே போங்க! இப்பவே!” என்று கத்தினார். யாரும் நகரவில்லை. அவர் இன்னொரு தடவை கத்துவதற்கு மூச்சை இழுத்தபோது வாசலில் கார் வந்து நின்றது. பரிசோதகர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்.

இந்தத் தடவை பலகை தயாராகச் சாய்த்திருந்தது. அவர் உருட்டிக்கொண்டு நேரே சத்தம் கேட்ட பின்பக்கத்துக்கு வந்தார். புதுத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தடவினார். கொண்டியை மாட்டி இழுத்தார். தன் வெர்னியரை எடுத்து நுனியில் அளந்தார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார்.

“இதெல்லாம் என்ன?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “பழசு சார். மழுங்கினது. தரம் முக்கியம்னு நாங்களே கழிச்சுட்டோம்.” சொல்லும்போதே அவருக்கு அது நிஜம் என்று பட ஆரம்பித்துவிட்டது. முகத்தில் ஒரு களைகூட வந்தது.

“அவர் கழிக்கலை” என்றாள் மைக்ரான்.

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் பாதி, மிரட்டல் பாதி.

“அவர் கலந்து அனுப்பச் சம்மதிச்சார். கழிச்சது இவங்க ஆறு பேர். இன்னிக்குக் காலையில. வேலை போனாலும் போகட்டும்னு.”

பரிசோதகர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “இந்த டை எந்தப் பட்டறையில இருந்தாலும் இதே தகட்டைத்தான் வெட்டும். எனக்கு வேண்டியது டை மட்டும் இல்லை” என்று முதலாளியிடம் சொன்னார். “இவங்க ஏழு பேரும் இங்க இருக்கிறவரைக்கும் ஆர்டர் இங்க இருக்கும். ஒருத்தர் குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும். நான் அடிக்கடி வருவேன். அந்தப் படியை இடிச்சுச் சரிவா கட்டிடுங்க.”

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. படியை இடித்தார்கள். மாமா ஒன்றரை மாதம் அவளோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரில் எதையோ படிப்பதுபோல நிற்பார். அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நடுவில் சோற்றுப் பானையை வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் பேசிக்காட்டி போங்க, பரிமாற நான் வர மாட்டேன், அவங்கவங்க கரண்டியை அவங்கவங்க கேட்டு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டாள். கரண்டியில்தான் பேச்சு தொடங்கியது. அதற்கு மேல் அது பெரிதாக வளரவும் இல்லை.

முதலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆளை அனுப்பவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. பரிசோதகர் வந்துபோய் ஒரு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டு, பட்டறைப் பொருளை அனுமதியில்லாமல் சேதப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். ஃபைலுக்காக. சும்மா ஒரு ஒழுங்குக்காக.

அவள் அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘பல் மழுங்கிய நாலாயிரத்து நூறு தகடுகளையும் குத்த முடிவு செய்தது நான்தான். மழுங்கிய தகடு மறுபடியும் வந்தால் மறுபடியும் குத்துவேன்.’

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“இதுல மன்னிப்பு எங்கம்மா இருக்கு?”

“தேடிப் பாருங்க சார். கிடைச்சா எனக்கும் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.